இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது

சென்ற வாரம் வீட்டு இணைய வேகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த புலனச் செய்திகளில் பல, இணையத்தைப் பற்றியவையே அல்ல. "நான் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம் மாமா" என்று ஒருவர். "என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது, என்ன மைக் வாங்கலாம்?" என்று இன்னொருவர். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள்" என்கிறார்.

காணொளிச் சந்திப்பில் படம் மங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குரல் உடைந்தால் பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். அந்த எரிச்சல் மைக் மேல் விழாது, பேசுகிறவர் மேல்தான் விழும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலையைத் தொடங்கினோம். பலர் வீட்டில் அந்த ஏற்பாடு இன்னும் மாறவில்லை. ஆகவே இந்த வாரம் ஒலி. அதிலும் கைப்பேசியைக் காதில் அண்டக் கொடுக்காமல், இரண்டு கையும் விடுதலையாக இருக்க, வீட்டிலிருந்தபடி பேசுவது எப்படி என்பது.

முதலில் அந்த எதிரொலிக்காரருக்குப் பதில். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால், கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் பேசுவது எதிர்முனையில் ஒருவருடைய ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, அவருடைய மைக்குக்குள்ளேயே மறுபடி நுழைந்து, உங்களிடம் வந்து சேர்கிறது. நீங்கள் ஆயிரம் வெள்ளிக்கு மைக் வாங்கினாலும் அது நிற்காது. அதே சமயம், நீங்கள் சந்திப்பில் நுழைந்ததும் மற்றவர்கள் எல்லாரும் "எக்கோ அடிக்கிறது" என்று சொன்னால், உங்களுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை என்றால், காரணம் நீங்கள்தான். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஒவ்வொருவராக மைக்கை அணைக்கச் சொல்வது. யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர் வீட்டில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பொருள் வாங்குவது பாதி குறைந்துவிடும்.

இந்த எதிரொலிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1965-இல் 'எர்லி பேர்ட்' என்ற செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசிப் பேச்சு கடல் தாண்டத் தொடங்கியது. அது நின்ற உயரம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர். குரல் மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி ஆகும். தொலைபேசிக் கம்பி இணைப்பில் பட்டுத் திரும்புகிற குரல், பேசியவர் காதுக்கு அரை விநாடி கழித்து வந்து சேரும். நம் குரலையே அரை விநாடி கழித்துக் கேட்டால் நாக்கு தடுமாறும். முயன்று பாருங்கள், இரண்டு வாக்கியம் தாண்ட முடியாது. அதுவரை இருந்த தீர்வு முரட்டுத்தனமானது. ஒருவர் பேசும்போது மற்றவர் பாதையை மூடிவிடுவார்கள். குறுக்கே பேசினால் யாரோ ஒருவர் வார்த்தை அறுந்துபோகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். போகிற ஒலி என்னவென்று நமக்குத் தெரியும், அது எப்படித் திரும்பி வரும் என்பதைக் கருவியே கற்றுக்கொண்டு அதற்கு ஒரு நகல் செய்து, வருகிற ஒலியிலிருந்து அந்த நகலைக் கழித்துவிட்டால் என்ன? இதைப் பற்றி 1967-இல் முக்கியமான ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதியவர் இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தி. இன்று ஸூம், டீம்ஸ், கூகுள் மீட் எல்லாவற்றுக்குள்ளும் அந்த யோசனையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் உட்கார்ந்து கழித்துக்கொண்டிருக்கின்றன.

கழித்தல் எங்கே தவறும் என்று தெரிந்தால், வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். ஒரே அறையில் மடிக்கணினியும் கைப்பேசியும் ஒரே சந்திப்பில் இணைந்திருந்தால், ஒன்றின் ஸ்பீக்கரில் வருவது மற்றதற்குத் தெரியாது, ஊளைதான். கணவனும் மனைவியும் ஒரே கூடத்தில் ஒரே பள்ளிக் கூட்டத்துக்கு இரண்டு கருவியில் நுழைவதும் இதே கதை. மடிக்கணினியின் மைக்கை வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்க வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரில் குரலை விட்டால், ஒலி வெளியே வரும் தாமதம் நிலையில்லாமல் போகும், நகல் பொருந்தாது. ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து அது கரகரக்கத் தொடங்கினால், அந்தக் கரகரப்பு நகலில் இல்லாத புதுச் சத்தம். அதுவும் கழிபடாது. சத்தத்தை இரண்டு படி குறைத்தாலே பல வீட்டில் எதிரொலி காணாமல் போவது இதனால்தான்.

இனி அந்தக் கிணற்றுக் குரல். இதற்கு என் அக்கா மகள் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவள் ஜார்ஜ்டவுனில், லெபோ குயின் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். வாசலில் அஞ்சடி, முன்கூடம், நடுவில் வானம் பார்க்கும் முற்றம், பின்னால் சமையலறை என்று ரயில் பெட்டிபோல் நீண்டு போகும் வீடு. யுனெஸ்கோ 2008-இல் பாரம்பரிய நகரமாக அறிவித்த பகுதி. சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே சுண்ணாம்புச் சுவர், ஓட்டுத்தரை, உயரமான கூரை. அத்தானுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விளங்கவில்லை, மாடி ஏற முடியாது. அவர் கட்டில் முன்கூடத்தில்தான். அவள் வேலை மேசையும் அதே கூடத்தில், கட்டிலுக்குப் பத்தடி தள்ளி. அக்கா இல்லை. பகலில் ஓர் உதவியாளர் வந்து போகிறார். மாலை ஆறுக்கு மேல் அத்தானுக்கு மகள்தான் கை, கால் எல்லாம்.

வேலை, ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். குழுவில் பாதிப் பேர் சென்னையில், மேலாளர் அமெரிக்காவின் டெக்சஸில். அங்கே காலை எட்டு மணி என்றால் கோடைக் காலத்தில் இங்கே இரவு ஒன்பது, சென்னையில் மாலை ஆறரை. அத்தானுக்குச் சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, புரண்டு படுக்க வைக்கும் நேரமும் அதே ஒன்பது மணிதான். வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய இடம் கொடுத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு முன் மேலாளர் சொல்லிவிட்டார்: வாடிக்கையாளருடன் பேசும் அழைப்புகளில் உன் ஒலி சரியில்லை, அடுத்த மதிப்பாய்வுக்குள் சரியாகவில்லை என்றால் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டியிருக்கும். அப்படி வந்தால் இரவு அழைப்பு முடிந்து வீடு வரப் பத்தரை ஆகும். அதுவரை அத்தான் தனியாக. அவள் என்னைக் கூப்பிட்டது அந்த வாரத்தில்தான்.

போய்ப் பார்த்தேன். மடிக்கணினியிலேயே இருக்கும் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். வாய்க்கும் மைக்குக்கும் அறுபது சென்டிமீட்டர். கட்டில் பக்கம் எழுந்து போனால் மூன்று மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். டெசிபல் கணக்கில் ஆறு குறையும். ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுச் சுற்றும் குரல் அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். நீங்கள் தள்ளிப் போகப் போக மைக்குக்கு உங்கள் வாயைவிட உங்கள் சுவர்தான் அதிகமாகப் பேசுகிறது. கிணறு என்று எதிர்முனை சொல்வது இதைத்தான். மைக் மட்டமானது என்பது பல நேரம் காரணமே அல்ல.

சுவர் எவ்வளவு பேசும் என்பதைக் கணக்குப் போட வழி காட்டியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சரி செய்யும் வேலை இந்த இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறதென்று அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. அந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரைக்கு மூன்று மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம், சிமெண்டுச் சுவர், ஓடு பதித்த தரை, சாமான் எதுவும் இல்லை. அதில் கை தட்டினால் ஒலி முழுதாக அடங்க ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அதே அறையில் ஒரு மெத்தை, கனத்த திரைச்சீலை, திறந்த துணி அலமாரி இருந்தால் அரை விநாடிக்கு வந்துவிடும். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் கூடத்தை விட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து பேசினால் குரல் தெளிவது இதனால்தான். ஷோப்பியில் விற்கும் கறுப்புப் பஞ்சுச் சதுரங்களைச் சுவரில் ஒட்டுவதைவிட மடித்து வைத்த போர்வை மேல். அந்த மெல்லிய பஞ்சு கீச்சொலியைக் கொஞ்சம் குடிக்கும், ஆண் குரலின் அடித்தொண்டையை ஒன்றும் செய்யாது.

அக்கா மகளுக்கு அறை மாறும் வசதி இல்லை. அத்தானை விட்டு எங்கே போவாள்? கடைவீட்டு முன்கூடத்தை மெத்தை போட்டு நிரப்பவும் முடியாது. ஆகவே தூரத்தைத்தான் குறைக்க வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு மைக் உள்ள ஹெட்செட். அறுபது சென்டிமீட்டர் ஐந்தாகும்போது குரல் இருபது டெசிபலுக்கு மேல் ஏறும். எந்தச் செயலியும் எந்த அமைப்பும் இவ்வளவு கொடுக்காது. தண்டை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்துக்கு இரண்டு விரல் தள்ளி வைக்க வேண்டும். நேரே வைத்தால் 'ப', 'ஃப' வரும் ஒவ்வொரு தடவையும் மூச்சு மைக்கை மொத்தும்.

எந்த ஹெட்செட் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அவள் நண்பர்கள் எல்லாரும் சொன்னது, இரண்டு காதையும் மூடி வெளிச் சத்தத்தை அடைக்கும் விலை உயர்ந்த வகை. அலுவலகத்துக்கு அது சரி. இந்த வீட்டுக்கு ஆபத்து. அத்தானுக்குப் பேச்சு குழறும், சத்தமாகக் கூப்பிட முடியாது. "அம்மா" என்று மகளை அவர் அழைக்கும் அந்த ஒரு சொல் மட்டும் மெல்ல வரும். சத்தத்தை அடைக்கும் ஹெட்செட் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பத்தடியில் அவர் சளி அடைத்துத் திணறினாலும் கேட்காது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்வேன். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு காது வீட்டுக்கு என்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

அதனால் வாங்கியது ஒற்றைக் காது ஹெட்செட், யுஎஸ்பி கம்பி வைத்தது. கால் சென்டரில் மாட்டியிருப்பார்களே, அது. 130 வெள்ளி. பார்க்க அழகாக இருக்காது. எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும், காதைத் திறந்தே விடும் வகையும் உண்டு. ஓட்டக்காரர்கள் போட்டுக்கொண்டு இளைஞர் பூங்காவில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காது இரண்டும் திறந்திருக்கும் என்பதால் அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மைக் கன்னத்தின் பின்னால் இருக்கும், வாய்க்கருகே வராது. நம் சிக்கலே மைக்கின் தூரம் என்னும்போது அது உதவாது.

"கம்பி எதற்கு மாமா, புளூடூத் இருக்கிறதே" என்றாள். சொன்னேன். புளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருப்பது, அழைப்பு வந்ததும் பழைய வானொலிபோல் ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பாட்டுக்கு ஒரு பாதை, மைக் திறந்தால் வேறு பாதை. அந்த இரண்டாவது பாதை குறுகியது. பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும், அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஒலி போகாது. 'எஸ்' என்கிற எழுத்துக்கும் 'எஃப்' என்கிற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது எதிராளி தப்பாக எழுதிக்கொள்வது இதனால்தான். கணக்குப் பிரிவில் விலைப்பட்டியல் எண்ணைப் படிக்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. புதிய முறைகள் 16,000 வரை எடுக்கின்றன, அதற்கும் மேலே எடுப்பவை வந்துவிட்டன, ஆனால் இயர்போன், கணினி இரண்டும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கையில் ஏற்கெனவே புளூடூத் இயர்போன் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: டீம்ஸ் அல்லது ஸூம் அமைப்பில் ஸ்பீக்கராக இயர்போனையும், மைக்காகக் கம்பி மைக்கையோ மடிக்கணினி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். இயர்போன் நல்ல பாதையிலேயே நின்றுவிடும்.

ஹெட்செட் வந்த முதல் வாரத்திலேயே கிணறு போய்விட்டது. ஆனால் அத்தானைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கம்பி கட்டில் சட்டத்தில் மாட்டும், ஹெட்செட் அவர் தோளில் இடிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் மேசையில் வைக்கும் வட்ட ஸ்பீக்கர்போன் ஒன்று சேர்த்தோம். ஜாப்ரா, ஆங்கர் போன்ற நிறுவனங்கள் செய்கிற, உள்ளங்கையளவு வட்டுதான். 1992-இல் பாலிகாம் நிறுவனம் வெளியிட்ட முக்கோண மாநாட்டுத் தொலைபேசியைப் பெரிய அலுவலக மேசைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் குட்டி வாரிசு இது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே உடம்பில் அசையாமல் இருப்பதால், முன்பு சொன்ன கழித்தல் வேலை இதற்குள்ளேயே ஒழுங்காக நடக்கும். முகத்திலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். காற்றாடிக்கு நேர் கீழே வைக்கக்கூடாது, மடிக்கணினி மின்விசிறி வாயருகேயும் வைக்கக்கூடாது. மருந்துத் தட்டுபோன்ற அதிரும் தகரத்தின் மேல் வைத்தால் தட்டில் விழும் கரண்டி டெக்சஸில் இடியாகக் கேட்கும். நாங்கள் கட்டில் பக்க முக்காலியில் ஒரு துண்டை நாலாக மடித்து அதன்மேல் வைத்தோம்.

ஸ்பீக்கர்போனை நாள் முழுக்கப் பயன்படுத்த நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச அது நல்லது. தனி ஆளுக்கு ஹெட்செட்தான். காரணம் ஒலி மட்டும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டால் வீடே கேட்கிறது. வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், நிலுவைத் தொகை எல்லாம் உதவியாளர் காதிலும், அஞ்சடியில் போகிறவர் காதிலும் விழும். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் வங்கி விவரத்தை யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் சத்தமாக வாசித்தால் நமக்குப் பிடிக்குமா? "உங்களை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், பக்கத்தில் அப்பா இருக்கிறார்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. வாடிக்கையாளர் இருக்கும் அழைப்பில் ஸ்பீக்கரைத் தொடுவதில்லை என்று அக்கா மகள் வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு காரணம் அத்தான். ஸ்பீக்கரில் குரல் கேட்டால் யாரோ வீட்டுக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார். "யாரு... காப்பி..." என்று ஆரம்பித்துவிடுவார். சென்னைக் குழுவில் இப்போது எல்லாருக்கும் அந்தக் காப்பி தெரியும்.

வெளிச் சத்தம் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். ஜார்ஜ்டவுனில் அது இல்லாமல் எப்படி? 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் மணி ஒரு பக்கம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பாங்கு ஒரு பக்கம், ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் ஹார்ன், விடியுமுன் ஆரம்பிக்கும் குயில், தகரக் கூரையில் மழை. செயலிகளில் இருக்கும் சத்தம் குறைக்கும் வசதி இவற்றில் பலவற்றை நன்றாகவே நீக்குகிறது. காற்றாடி, ஏர்கோன்போல ஒரே மாதிரி தொடரும் சத்தம் அதற்கு மிகச் சுலபம். குயிலும் ஹார்னும் இப்போதைய கருவிகளுக்குப் பெரும்பாலும் பிடிபடுகின்றன. பிடிபடாதது மனிதக் குரல். பக்கத்தில் தொலைக்காட்சித் தொடரில் யாராவது அழுதால், அதையும் பேச்சு என்றே அது எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரே வழி தொலைக்காட்சியை அணைப்பது. இந்த வசதியை எப்போதும் உச்சத்தில் வைக்கவும் வேண்டாம். அடைமழையில் உச்சத்தில் வைத்தால் மழையோடு சேர்த்து உங்கள் சொல்லின் கடைசி எழுத்தையும் அரித்துவிடும். வாயருகே மைக் இருந்தால் 'குறைவு' போதும்.

இங்கே வேறு ஒரு கூட்டத்தாருக்கு ஒரு வார்த்தை. இயங்கலையில் பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் சிலர், "சுருதிப்பெட்டி பிள்ளைகளுக்குக் கேட்கவே இல்லையாம், விட்டு விட்டு வருகிறதாம்" என்கிறார்கள். பெட்டி பழுதில்லை. ஒரே மாதிரி தொடர்ந்து ஒலிப்பதுதான் சுருதி. ஒரே மாதிரி தொடர்ந்து ஒலிப்பதை எல்லாம் காற்றாடி என்று நினைத்து அழிப்பதுதான் அந்தச் செயலியின் தொழில். நீண்டு நிற்கும் கார்வையையும் சில நேரம் அப்படியே விழுங்கிவிடும். ஸூமில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, ஆசிரியை ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தத் தேர்வில் எதிரொலி நீக்குவதும் தளர்ந்துவிடும். ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து பாடுவது மட்டும் எதைச் செய்தாலும் நடக்காது. குரல் போய்ச் சேர ஆகும் தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும். மாறி மாறித்தான் பாட வேண்டும்.

காதைப் பற்றியும் கொஞ்சம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. எட்டு மணி நேரம் ஹெட்செட் போடுகிறவர்களுக்கு வாரம் 40 மணி சும்மா வந்துவிடும். ஒற்றைக் காது ஹெட்செட் என்றால் மதியத்துக்கு மேல் அடுத்த காதுக்கு மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் காதுத் துளைக்குள் ரப்பர் முனையை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் கட்டும். அரிப்பு வந்தால் இயர்போனை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், பஞ்சுக் குச்சியைத் தேட வேண்டாம்.

அக்கா மகள் ஒலியைச் சரி செய்த கையோடு இன்னொன்றும் செய்தாள். வீட்டிலிருந்து வேலை என்பது அதுவரை மேலாளரின் வாய்வார்த்தையாகவே இருந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள ஊழியர் எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து வழி பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை எழுத வேண்டும் என்பதே பெரிய வித்தியாசம். 'ஒலி சரியில்லை' என்பது காரணமாக இருந்தால், அது இப்போது இல்லை என்று காட்ட அவளிடம் பதிவுகள் இருந்தன. பழைய மைக்கில் ஒரு நிமிடம், புதியதில் ஒரு நிமிடம், ஒரே பத்தியை வாசித்துப் பதிவு செய்து விண்ணப்பத்தோடு அனுப்பினாள். நாற்பது நாளில் பதில் வந்தது: மூன்று நாள் வீட்டிலிருந்தே, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

பதிவு செய்து கேட்பதை எல்லாருக்கும் சொல்வேன். டீம்ஸ் அமைப்புகளில் சோதனை அழைப்பு இருக்கிறது. நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். காற்றாடி ஓடும்போது ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை. நம் குரலை நாமே கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடச் சங்கடம்.

மைக்கை அணைக்கும் விசையை விரல் தானாகத் தேடிப்போகும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி என்றால் டீம்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றும் சேர்த்து. ஸூமில் ஆல்ட், ஏ. கூகுள் மீட்டில் கன்ட்ரோல், டி. ஸூமில் மைக்கை அணைத்தே வைத்துவிட்டு, பேசும்போது மட்டும் ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். கை வேலையாக இருக்கும்போது அதுவும் முடியாது என்பதால், அக்கா மகள் ஹெட்செட் கம்பியிலேயே இருக்கும் அணைப்புப் பொத்தானைச் சட்டைப் பையில் குத்தி வைத்துக்கொள்கிறாள். "அம்மா" என்று குரல் வந்ததும் முதலில் அதைத்தான் அழுத்துகிறாள்.

அடுத்த வாரம், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கறுப்பு நிழலாகத் தெரிகிறவர்களுக்கு.